காளை ஓடும் தெருவை அளக்கிறார்கள்... ஊர்வலம் போகும் ரோட்டை அளப்பது யார்?

பள்ளிகொண்டா:-

திருவிழாவா? ரோடு அடைப்பு. கட்சி ஊர்வலமா? ரோடு அடைப்பு. தலைவர் வருகிறாரா? அவர் வருவது சாயங்காலம் என்றாலும் மத்தியானத்தில் இருந்தே ரோடு அடைப்பு. யாராவது கேட்டால் ஒரே பதில்தான், "பெர்மிஷன் வாங்கியாச்சு".

பெர்மிஷன் சரி. அந்த பேப்பரில் ரோட்டை பற்றி என்ன எழுதி இருக்கிறது? எத்தனை அடி அகலம், எந்த பக்கம் பஸ் போகும், ஆம்புலன்ஸ் வந்தால் யார் வழி விடுவது? இங்கேதான் எல்லோரும் கையை விரிக்கிறார்கள்.

கரூரில் 41 பேர் பலியான பிறகு, ரோட்டில் நடக்கும் கூட்டங்களுக்கு விதி வேண்டும் என்ற பேச்சு தமிழ்நாடு முழுக்க எழுந்தது. விதி வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் பேச்சு எல்லாம் எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு டெபாசிட் கட்ட வேண்டும் என்பதை சுற்றியே ஓடுகிறது. சின்ன ஊர்களுக்கு இந்த கணக்கு உதவாது. முதலில் ரோட்டை அளக்க வேண்டும், அப்புறம்தான் ஆளை எண்ண வேண்டும்.

இதை சொல்லிக்கொடுக்க டெல்லியில் இருந்து நிபுணர்கள் வர வேண்டியதில்லை. பள்ளிகொண்டாவை சுற்றி இருக்கும் கிராமங்களில் தை மாதம் நடக்கிற மாடு விடும் விழாவே போதும்.

தூங்காத ரோடு

பெருமாள் பள்ளிகொண்ட ஊர் என்பதால்தான் பள்ளிகொண்டா. உத்தர ரங்கநாதர் பாலாற்றங்கரையில் படுத்திருக்கிறார். ஆனால் ஊரை ஒட்டி போகும் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை ராத்திரி பகல் தூங்குவதே இல்லை.

வாலாஜாபேட்டைக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் உள்ள சுங்கச்சாவடிகளில் ஒன்று பள்ளிகொண்டாவில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் வருகிறவர்கள் குடியாத்தம் போக இங்கேதான் திரும்புகிறார்கள். செவ்வாய்க்கிழமை ஆனால் பக்கத்தில் பொய்கை மாட்டுச்சந்தை. அன்றைக்கு மாடு ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டும். காலையிலும் மாலையிலும் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ், வேன்கள். அதில் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். நேரத்துக்கு கேட்டில் நிற்கவில்லை என்றால் அவர்களுக்கு சம்பளத்தில் கை வைக்கிற வேலை அது.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஆம்புலன்ஸ். வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் பக்கம் விபத்தோ, மாரடைப்போ, சிக்கலான பிரசவமோ என்றால் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ ஓட வேண்டும். அதற்கு பெரும்பாலும் இந்த ரோடுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாக பிரிந்தது. வாலாஜாபேட்டை ராணிப்பேட்டை மாவட்டத்துக்கு போனது. பள்ளிகொண்டா வேலூரிலேயே நின்றது. மேற்கே மாதனூர் வந்தால் திருப்பத்தூர் மாவட்டம். ரோடு ஒன்று, கலெக்டர் மூன்று பேர், போலீஸ் சூப்பிரண்டு மூன்று பேர். ஆம்பூரில் ஒரு நிகழ்ச்சிக்காக வண்டிகளை நிறுத்தினால், வால் பள்ளிகொண்டா வரை நீளலாம். ஆனால் பள்ளிகொண்டா போலீசாருக்கு அது பக்கத்து மாவட்ட சமாச்சாரம்.

மாட்டுக்கு உள்ள மரியாதை

அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் வட்டார கிராமங்களில் மாடு விடும் விழா என்றால் ஊரே கூடி விடும். மதுரை பக்கம் ஜல்லிக்கட்டு மாதிரி திமிலை பிடித்து தொங்குவது இங்கே கிடையாது. அவிழ்த்து விட்ட காளை தெருவில் குறிப்பிட்ட தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்பதுதான் போட்டி. வேகமாக ஓடிய மாட்டுக்கு பரிசு. மைதானம் எல்லாம் தனியாக இல்லை. ஊர் தெருதான் ஓடுபாதை.

அதாவது, பொது வழியில் நடக்கிற விசேஷ நிகழ்ச்சி. கூட்டம் உண்டு, ஆபத்து உண்டு, பரிசு உண்டு, கவுரவப் பிரச்சினையும் உண்டு. கட்சிக்காரர்கள் நடத்தும் ரோடு ஷோவில் இருக்கிற அத்தனையும் இதிலும் உண்டு.

2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டுக்கு தடை போட்டது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டார்கள். சட்டசபையில் திருத்த சட்டம் வந்தது. அந்த சட்டத்தில் ஜல்லிக்கட்டு என்பதற்குள் மஞ்சு விரட்டு, வடமாடு, எருது விடும் விழா எல்லாம் அடக்கம். ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவித்த இடங்களில் மட்டும் நடத்தலாம் என்று சட்டமே சொல்கிறது. 2023 மே 18-ந்தேதி 5 நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு பெஞ்ச் இந்த சட்டம் செல்லும் என்று தீர்ப்பு சொன்னது.

இதன் கீழ் வந்த விதிகள்தான் கவனிக்க வேண்டிய விஷயம். கலெக்டருக்கு விண்ணப்பம் போக வேண்டும். வருவாய்த்துறை, கால்நடைத்துறை, போலீஸ், சுகாதாரத்துறை ஆட்கள் இடத்தை நேரில் பார்க்க வேண்டும். மாட்டை டாக்டர் பார்த்து சான்று தர வேண்டும். பார்வையாளர் நிற்கும் பக்கம் இரட்டை தடுப்பு வேண்டும். ஆம்புலன்சும் மருத்துவ குழுவும் தயாராக நிற்க வேண்டும். வேலூர் மாவட்டத்தில் பெரும்பாலும் மத்தியானம் 2 மணிக்குள் முடித்து விட வேண்டும் என்ற கண்டிஷனும் சேரும்.

ஆக, மாடு அவிழ்ப்பதற்கு முன்னாலேயே தெருவை அதிகாரிகள் நடந்து பார்த்து விடுகிறார்கள். அகலம் எவ்வளவு, தடுப்பு எங்கே, ஓடி முடித்த மாடு எங்கே போய் நிற்கும் என்பதெல்லாம் பேசி முடிவாகிறது. இதற்கு பிறகும் சாவு நிற்கவில்லை என்பது உண்மைதான். தடுப்புக்குள் புகுந்து வேடிக்கை பார்ப்பதும், ஓடுபாதை முடிந்த இடத்தில் மாடு கூட்டத்துக்குள் பாய்வதும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அப்படி நடந்தால், தப்பு யார் மேல் என்று கேட்க ஒரு பேப்பராவது இருக்கிறது. எந்த விதி மீறப்பட்டது என்று விரல் வைத்து காட்ட முடிகிறது.

அதே தெருவில் மறுநாள் ஒரு கட்சி ஊர்வலம் போனால்? தெருவை யாரும் நடந்து பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமலேயே வருஷக்கணக்கில் ஓடி விட்டது.

லேட் ஆனால் என்ன நடக்கும்?

விதி இருந்தால் மட்டும் போதாது, நேரத்துக்கு பதில் சொல்ல வேண்டும் என்பதற்கும் இதே ரோட்டில் உதாரணம் இருக்கிறது.

2023 பிப்ரவரி 2-ந்தேதி. கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூர் அருகே கோபசந்திரம் கிராமத்தில் எருது விடும் விழாவுக்கு காளைகளோடு ஆட்கள் குவிந்து விட்டார்கள். அனுமதி விஷயம் அன்று காலை வரை இழுபறி. கோபம் நேராக சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலைக்கு வந்தது. மறியல், கல்வீச்சு, தடியடி. பஸ்களின் கண்ணாடி உடைந்தது. பல மணி நேரம் வண்டிகள் நகரவில்லை. கிராமத்து தெருவில் நடக்க வேண்டிய விழா, நாட்டின் முக்கியமான நெடுஞ்சாலையையே முடக்கிப் போட்டது.

மறியல் செய்ததை யாரும் நியாயப்படுத்த முடியாது. அதே சமயம், உண்டு இல்லை என்ற பதில் நாலு நாள் முன்னாடியே எழுத்தில் போயிருந்தால் காளைகள் வீட்டை விட்டே கிளம்பி இருக்காது. கடைசி நிமிஷம் வரை பைலை கையில் வைத்திருப்பது ஆபத்தை வளர்க்கிற வேலை.

பெங்களூருவில் 2025 ஜூன் 4-ந்தேதி நடந்ததும் இதே நேரக்கணக்கு கோளாறுதான். முதல் நாள் ராத்திரி ஐ.பி.எல். கோப்பை ஜெயித்த ஆர்.சி.பி. அணிக்கு மறுநாளே கொண்டாட்டம். காலையில் அறிவிப்பு, மாலையில் சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் நெரிசல். 11 பேர் பலி. ஒரு நாள் கூட ஏற்பாட்டுக்கு இல்லை. அதன் பிறகுதான் கர்நாடக அரசு கூட்டத்தை கட்டுப்படுத்த தனி மசோதா கொண்டு வந்தது.

கரூர் சொன்ன கணக்கு

2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை. கரூர் வேலுசாமிபுரத்தில் த.வெ.க. தலைவர் விஜய் பிரசாரம். மைதானம் அல்ல, ரோடு. 10 ஆயிரம் பேர் வருவார்கள் என்று அனுமதி கேட்டார்கள், 27 ஆயிரம் பேர் திரண்டு விட்டார்கள் என்று அப்போதைய பொறுப்பு டி.ஜி.பி. வெங்கட்ராமன் கூறினார். காலையில் இருந்தே ஜனம் காத்திருந்தது. விஜய் வந்து சேர்ந்தபோது இருட்டி விட்டது. நெரிசலில் பெண்கள், குழந்தைகள் உள்பட 41 பேர் உயிர் போனது.

யார் தப்பு என்று விசாரிக்க முதலில் ஓய்வு பெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் போடப்பட்டது. ஐகோர்ட்டு சிறப்பு புலனாய்வு குழு அமைத்தது. பிறகு 2025 அக்டோபர் 13-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றி, அதை கண்காணிக்க ஓய்வு பெற்ற நீதிபதி அஜய் ரஸ்தோகி தலைமையில் குழு அமைத்தது. ஜல்லிக்கட்டு சட்டம் செல்லும் என்று 2023-ல் சொன்ன அந்த 5 நீதிபதிகளில் ரஸ்தோகியும் ஒருவர்!

யார் தப்பு என்பதை விசாரணை சொல்லட்டும். ஆனால் கணக்கு ஒன்று இப்போதே தெரிகிறது. 10 ஆயிரமா, 27 ஆயிரமா என்று சண்டை போடுகிறோமே, அந்த ரோடு எத்தனை பேரை தாங்கும் என்பது அல்லவா முதல் கேள்வி? ஆள் எண்ணிக்கையை யாரும் முன்கூட்டி கரெக்டாக சொல்ல முடியாது. சொந்தக் கட்சி கூட்டத்துக்கு எவ்வளவு பேர் வருவார்கள் என்று கட்சிக்காரனுக்கே தெரியாது. ரோட்டின் அகலம் அப்படி இல்லை. டேப் வைத்து அளந்தால் அஞ்சு நிமிஷத்தில் தெரிந்து விடும்.

வழிகாட்டு நெறிமுறை வரும் வரை மாநில, தேசிய நெடுஞ்சாலைகளில் கட்சி கூட்டங்களுக்கு அனுமதி இல்லை என்று 2025 அக்டோபரில் ஐகோர்ட்டில் அரசு தரப்பு சொன்னது. நவம்பரில் ஒரு வரைவு வந்தது. 5 ஆயிரம் பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிகளுக்கு என்று கோடு போட்டு, கூட்டத்தின் அளவை பொறுத்து 1 லட்சம் ரூபாய் முதல் 20 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் என்றது அந்த வரைவு.

பெரிய நகரத்துக்கு இந்த கோடு பொருந்தலாம். பள்ளிகொண்டா மாதிரி பேரூராட்சிக்கு? இங்கே 5 ஆயிரம் பேர் எல்லாம் வேண்டாம். ஒரு டிராக்டர், ரெண்டு ஸ்பீக்கர் வண்டி, 500 பேர் போதும், கடைத்தெரு ஸ்தம்பித்து விடும். 5 ஆயிரம் என்ற கோட்டுக்கு கீழே நடப்பதுதான் சின்ன ஊர்களில் அதிகம்.

குறுகலான ரோடு எப்படி ஆளை கொல்லும் என்பதை பக்கத்து ஆந்திராவே காட்டியது. 2022 டிசம்பர் 28-ந்தேதி கந்துகூரில் சந்திரபாபு நாயுடு ரோடு ஷோ. நெரிசலில் ரோட்டோர கால்வாய்க்குள் விழுந்து 8 பேர் பலி. அங்கே கூட்டம் கரூர் அளவுக்கு சாவு எண்ணிக்கையை தரவில்லை. ஆனால் கொன்றது அதே விஷயம்தான், ஒதுங்க இடம் இல்லாத ரோடு.

சட்டம் என்ன சொல்கிறது?

ரோட்டில் கூட்டமே நடத்தக் கூடாது என்று சொல்லி விடலாமே? முடியாது. 1972-ல் ஆமதாபாத் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு இதை தெளிவாக சொல்லி விட்டது. பொது வீதிகளில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், அடியோடு தடுக்க முடியாது. ஆயுதம் இல்லாமல் அமைதியாக கூடுவது அரசியல் சட்டம் கொடுத்த உரிமை.

அதற்காக ரோட்டை காலவரையில்லாமல் பிடித்து வைத்துக்கொள்ளவும் முடியாது. டெல்லி ஷாகீன்பாக் போராட்ட வழக்கில் 2020 அக்டோபர் 7-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அதையும் சொல்லி விட்டது.

ஆந்திர அரசு கந்துகூர் சம்பவத்துக்கு பிறகு 2023 ஜனவரி 2-ந்தேதி ரோட்டில் கூட்டங்களுக்கு கிட்டத்தட்ட பூட்டு போடும் அரசாணை போட்டது. அதே வருஷம் மே மாதம் ஆந்திர ஐகோர்ட்டு அதை ரத்து செய்து விட்டது. கேரளாவில் ரோட்டோர கூட்டங்களுக்கு 2010-ல் ஐகோர்ட்டு தடை போட, 2011-ல் பொது வழிகளில் கூட்டம், ஊர்வலங்களை முறைப்படுத்த தனி சட்டமே வந்தது. பாடம் என்ன? மொத்தமாக பூட்டினால் கோர்ட்டில் நிற்காது. எழுதி வைத்து முறைப்படுத்தினால் நிற்கும்.

தண்டனை விஷயத்தில்தான் வேடிக்கை. பொது வழியை மறித்தால் பழைய இந்திய தண்டனை சட்டத்தின் 283-வது பிரிவில் அதிகபட்ச அபராதம் 200 ரூபாய்! வெள்ளைக்காரன் காலத்து தொகை. 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவில் அது 5 ஆயிரம் ரூபாய் வரை ஆனது. ஆனால் ஆம்புலன்சுக்கு வழி விடாத டிரைவருக்கு மோட்டார் வாகன சட்டத்தில் 10 ஆயிரம் ரூபாய் அபராதம், 6 மாதம் வரை ஜெயில் கூட உண்டு. ஒத்தை ஆள் பைக்கை ஒதுக்காவிட்டால் 10 ஆயிரம். ஊரே சேர்ந்து ரோட்டை மறித்தால் 5 ஆயிரம். என்ன கணக்கோ!

அதே மோட்டார் வாகன சட்டத்தின் 115-வது பிரிவு, ஒரு ரோட்டில் வண்டிகளை தற்காலிகமாக தடை செய்ய வழி சொல்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடை என்றால் கெஜட்டில் போட தேவையில்லை. ஆனால் உள்ளூரில் முடிந்த அளவு விளம்பரம் செய்தாக வேண்டும். இந்த கடைசி வரிதான் முக்கியம். ரோட்டை அடைக்கப் போகிறோம் என்று ஊருக்கு முன்கூட்டி சொல்வது யாரோ செய்யும் உபகாரம் இல்லை, சட்டம் எதிர்பார்க்கிற கடமை.

கார் ரேசுக்கு முடிந்தது...

முடியாத காரியம் என்று யாரும் சொல்லி விட முடியாது. சென்னையில் 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலை சுற்றி பார்முலா-4 கார் ரேஸ் நடந்தது. சுமார் 3.5 கிலோ மீட்டர் ரோடு ரேஸ் பாதையாக மாறியது. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிச்சாங் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது. பக்கத்திலேயே ராஜீவ்காந்தி அரசு ஆஸ்பத்திரி, ஓமந்தூரார் ஆஸ்பத்திரி. வழக்கு ஐகோர்ட்டுக்கு போனது. பொதுமக்களுக்கு இடையூறு கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. எந்த ரோடு அடைப்பு, எந்த பக்கம் சுற்றிப் போக வேண்டும் என்று டிராபிக் போலீசார் முன்கூட்டியே அறிவித்தார்கள்.

ரேஸ் தேவையா, அதற்கு அரசு பணம் செலவு செய்யலாமா என்பது வேறு சண்டை. ஆனால் மனசு வைத்தால் ரோட்டை அளந்து, மாற்றுப்பாதை போட்டு, ஆஸ்பத்திரி வழியை காப்பாற்றி ஒரு நிகழ்ச்சியை நடத்த முடியும் என்று அது காட்டி விட்டது. கோடிக்கணக்கில் செலவாகும் ரேசுக்கு கிடைத்த திட்டமிடல், பள்ளிகொண்டா கடைத்தெருவுக்கு கிடைக்கக் கூடாதா?

சிங்கப்பூரில் தைப்பூசம் என்றால் சிராங்கூன் ரோடு சீனிவாச பெருமாள் கோவிலில் இருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில் வரை காவடி போகிறது. ஊர்வலத்துக்கு போலீஸ் பெர்மிட், பாதை, நேரம் எல்லாம் வரையறுத்து இருக்கிறது. இசைக்கு 1973-ல் போட்ட தடையை தளர்த்தி, 2016-ல் மூன்று இடங்களில் மட்டும் நேரடி வாசிப்புக்கு அனுமதி கொடுத்தார்கள். கட்டுப்பாடு அதிகம் என்று அங்குள்ள தமிழர்களுக்கு மனக்குறை உண்டு. ஆனாலும் பக்தி ஒரு பக்கம் போகிறது, ரோடும் ஒரு பக்கம் ஓடுகிறது.

இங்கிலாந்தில் விசேஷ நிகழ்ச்சிக்கு ரோட்டை மூடுவதற்கென்றே 1994-ல் சட்டம் வந்தது. ஒரு தடவை மூடினால் 3 நாளுக்கு மேல் கூடாது. அதே ரோட்டை அதே வருஷம் இன்னொரு தடவை மூட வேண்டும் என்றால் மேலிடத்து சம்மதம் வேண்டும். கவனியுங்கள், அங்கேயும் கணக்கு ரோட்டின் பெயரில்தான்.

எளியவன் விழாவுக்கு ஆபத்தா?

விதி என்றாலே பயப்படுகிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. லட்சக்கணக்கில் டெபாசிட் என்றால் பெரிய கட்சி கட்டி விடும். சம்பள பாக்கி கேட்டு ஊர்வலம் போகும் தோல் தொழிலாளி எங்கே போவான்? சட்டம் ஒழுங்கு பிரச்சினை வரும் என்று ஒத்தை வரியில் அனுமதியை மறுத்து விட்டால், கோர்ட்டுக்கு போக எல்லோரிடமும் காசு இருக்கிறதா? வேண்டியவனுக்கு ஒரு விதி, வேண்டாதவனுக்கு ஒரு விதி என்று ஆகி விடாதா?

அதனால்தான் பணத்தை விட ரோட்டை வைத்து விதி போடுவது நல்லது. 30 அடி ரோடு ஆளும் கட்சிக்கும் 30 அடிதான், எதிர்க்கட்சிக்கும் 30 அடிதான், அம்மன் ஊர்வலத்துக்கும் 30 அடிதான். இதில் பாரபட்சம் காட்ட முடியாது. சின்ன ஊர்வலத்துக்கு டெபாசிட் வேண்டாம், ஆனால் ஒரு பக்கம் வழி விட வேண்டும் என்று சொன்னால் யாருக்கும் கஷ்டம் இல்லை.

நேரில் போய் பார்ப்பது சாமி விழாவுக்கும் பாதுகாப்புதான். தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27-ந்தேதி அதிகாலை அப்பர் விழா தேர் உயர் அழுத்த மின் கம்பியில் உரசி 11 பேர் பலியானார்கள். ரோடு போட்டதில் ரோட்டின் உயரம் கூடி இருந்ததாக அப்போது பேச்சு எழுந்தது. மின்வாரிய ஆள் ஒருவர் முதல் நாள் அந்த பாதையை நடந்து பார்த்திருந்தால், கம்பியின் உயரத்தையும் தேரின் உயரத்தையும் ஒப்பிட்டிருந்தால், எத்தனை வீட்டில் விளக்கு அணையாமல் இருந்திருக்கும்!

விநாயகர் சிலைகளுக்கு 2018-ல் அரசு போட்ட ஆணையில் இது ஓரளவு இருக்கிறது. சிலை 10 அடிக்கு மேல் கூடாது, தீயணைப்பு, மின்வாரியம், உள்ளாட்சி என்று ஒவ்வொரு இடத்திலும் சம்மதம் வாங்க வேண்டும் என்றெல்லாம் விதித்தார்கள். மாட்டுக்கு விதி இருக்கிறது, பிள்ளையாருக்கு விதி இருக்கிறது. மனுஷன் கூட்டத்துக்கு மட்டும் 41 உயிர் போகும் வரை காத்திருந்தோம்.

பள்ளிகொண்டாவில் என்ன செய்யலாம்?

இந்த பக்கத்து நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை திடீரென்று வானத்தில் இருந்து குதிப்பவை அல்ல. தை மாதம் மாடு விடும் விழா. சித்ரா பவுர்ணமி ராத்திரி வேலூரில் புஷ்ப பல்லக்கு. வைகாசி 1-ந்தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா. ஆவணியில் விநாயகர் ஊர்வலம். மார்கழியில் ரங்கநாதர் கோவிலில் வைகுண்ட ஏகாதசி. காலண்டரை பார்த்தாலே தெரியும். ஆண்டு தொடக்கத்திலேயே மூன்று மாவட்ட அதிகாரிகளும் உட்கார்ந்து, எந்த நாளில் எந்த ரோட்டில் நெரிசல், மாற்றுப்பாதை எது என்று ஒரே அட்டவணை போட்டு விடலாம்.

திடீர் என்று வருவது கட்சி நிகழ்ச்சிகள் மட்டும்தான். அதற்கு மாடு விடும் விழா மாதிரியே கூட்டு ஆய்வு வைக்க வேண்டும். போலீஸ், வருவாய்த்துறை, நெடுஞ்சாலைத்துறை, மின்வாரியம், பேரூராட்சி, 108 ஆம்புலன்ஸ் ஆட்கள் பாதையை ஒரு தடவை நடந்து பார்க்கட்டும். ரோட்டு அகலம், ஓரத்து கால்வாய், தொங்கும் கம்பி, கூட்டம் வெளியேறும் சந்து எல்லாம் பேப்பரில் ஏறட்டும். அந்த பேப்பரில் ஏற்பாட்டாளரும் அதிகாரியும் சேர்ந்து கையெழுத்து போடட்டும். நாளைக்கு ஏதாவது நடந்தால் நீயா நானா என்று மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அனுமதி உண்டா இல்லையா என்ற பதிலுக்கு கெடு வேண்டும். மறுத்தால் காரணத்தோடு, எந்த இடத்தில் நடத்தலாம் என்ற மாற்று யோசனையோடு மறுக்க வேண்டும். கோபசந்திரம் மாதிரி காலையில் காளையோடு வந்து நின்ற பிறகு பேசக் கூடாது.

நெடுஞ்சாலையில் மட்டும் இதில் தாட்சண்யம் கூடாது. தேசிய நெடுஞ்சாலை நிலத்தையும் போக்குவரத்தையும் காக்க 2002-லேயே மத்திய அரசு தனி சட்டம் போட்டிருக்கிறது. அனுமதி இல்லாமல் அந்த நிலத்தை யாரும் ஆக்கிரமிக்க முடியாது. மேடையோ வளைவோ போட்டு விட்டு, போலீசிடம் சொல்லி விட்டோம் என்பது போதாது.

பேனர் விஷயத்தையும் விட்டு விடக் கூடாது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ரோட்டு நடுவில் வைத்த பேனர் விழுந்து, இளம்பெண் என்ஜினீயர் ஒருவர் லாரியில் சிக்கி பலியானார். நிகழ்ச்சி முடிந்த பிறகும் வளைவும் பேனரும் ரோட்டில் நின்றால் நிகழ்ச்சி முடிந்ததாக அர்த்தம் இல்லை. எத்தனை மணிக்குள் எடுக்க வேண்டும் என்பதும் பெர்மிஷனிலேயே இருக்க வேண்டும்.

கடைசியாக, தகவல். சுங்கச்சாவடியில் பணம் வாங்கும்போது முன்னால் நாலு கிலோ மீட்டரில் ரோடு அடைப்பு என்று ஒரு போர்டு வைக்க எவ்வளவு செலவாகும்? இரண்டு நாள் முன்பே பஸ் டிப்போ, ஷூ கம்பெனிகள், ஆஸ்பத்திரிகள், 108 கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு மெசேஜ் அனுப்ப எவ்வளவு நேரமாகும்? இதைக்கூட செய்யாமல் பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று மைக்கில் கேட்பதில் அர்த்தம் இல்லை.

விழாவும் வேண்டும், ஊர்வலமும் வேண்டும், போராட்டமும் வேண்டும். இதெல்லாம் இல்லாத ஊர் ஊரே இல்லை. அந்த கூட்டத்துக்கு பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் நிற்கிறதா என்று பார்க்கிற ஆள் யார் என்பதை மட்டும் முதலிலேயே எழுதி வைத்து விட வேண்டும். காளைக்கு செய்கிற வேலையை மனுஷனுக்கும் செய்தால் போதும்.